மறுப்பின் பக்கங்கள்

பாராளுமன்றத்தின் ஒரு நாள் என்றதும் நமக்குப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. கூச்சல், வெளிநடப்பு, எப்போதாவது ஒரு நல்ல வாக்கியம். ஆனால் சபையின் வேலையில் பெரும்பகுதி பேச்சில்லாமலேதான் நடக்கிறது. காலை பதினொரு மணிக்குக் கேள்வி நேரம். பட்டியலிலுள்ள 20 நட்சத்திரக் கேள்விகளில் நாலைந்துக்கு வாய்மொழிப் பதில் கிடைத்தால் அதிகம். மீதியெல்லாம் எழுத்துப் பதில்களாகி அச்சுக்குப் போய்விடும். அதன்பின், சபையின் மேஜைமீது வைக்கப்படும் தாள்கள் என்றொரு இனம். ஒரு அமைச்சரோ கமிட்டித் தலைவரோ எழுந்து, இன்ன அறிக்கையை முன்வைக்கிறேன் என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்துவிடுவார். அரை நிமிஷ வேலை. ஒரு தேசம் தன்னைப் பற்றி ஒப்புக்கொண்டதும் ஒப்புக்கொள்ள மறுத்ததும் பெரும்பாலும் இந்த அரை நிமிஷத்தில்தான் ஆவணமாகின்றன.

1988 ஏப்ரல் 26, செவ்வாய்க்கிழமை, அப்படி ஒரு அறிக்கை பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தத்தை விசாரித்த கூட்டுக் கமிட்டியின் அறிக்கை. நான் பிறக்கும் முன் நடந்தது இது. எனக்கு அந்த நாளில் அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் அறிக்கையின் பின்னால் சேர்க்கப்பட்டிருந்த ஒரு மறுப்புக் குறிப்பு. அதை எழுதியவர் எங்கள் பக்கத்துக்காரர்.

விவரங்களைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1986 மார்ச் 24 அன்று ஸ்வீடனின் போஃபர்ஸ் கம்பெனியிடம் 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 410 வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 1,437 கோடி ரூபாய். ஓராண்டு கழித்து, 1987 ஏப்ரல் 16 அன்று, ஒப்பந்தத்தைப் பெற லஞ்சம் தரப்பட்டதாக ஸ்வீடிஷ் வானொலி சொன்னது. அந்நாட்டின் தணிக்கை அலுவலகமும் ஜூன் மாதம் பணம் கைமாறியிருப்பதை உறுதிசெய்தது. ஆகஸ்டில் இரு சபைகளிலிருந்தும் 30 உறுப்பினர்கள் கொண்ட கூட்டுக் கமிட்டி அமைந்தது. சட்ட மசோதா ஒன்றைப் பரிசீலிக்க அல்லாமல், ஊழல் புகார் ஒன்றை விசாரிக்கவே அமைந்த முதல் கூட்டுக் கமிட்டி இது. தலைவர் பி. சங்கரானந்த். எதிர்க்கட்சிகள் கலந்துகொள்ள மறுத்தன. ஆகவே மிஞ்சியவர்கள் காங்கிரஸ்காரர்களும் காங்கிரசின் தோழமைக் கட்சிக்காரர்களும்தான். பணம் போனது உண்மை, ஆனால் அது தரகு அல்ல, பழைய ஏஜென்டுகளோடு தொடர்பை முடித்துக்கொள்ளக் கொடுத்த முறிவுத் தொகை என்ற கம்பெனியின் விளக்கத்தைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. இடைத்தரகர்கள் இருந்ததற்கும் இந்தியர் எவருக்கும் லஞ்சம் போனதற்கும் ஆதாரமில்லை என்று முடித்தது. அறிக்கை வைக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான் 'இந்து' பத்திரிகை இது சம்பந்தமான ஆவணங்களை வெளியிட ஆரம்பித்திருந்தது. ஒரு மேஜைக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேறு பிரதிகள் வந்து சேர்ந்தன என்று சொல்லலாம்.

கமிட்டியின் முடிவை ஏற்காமல் எழுதியவர் ஒருவர்தான். ராஜ்யசபா உறுப்பினர் வி. அருணாசலம் என்ற ஆலடி அருணா. ஆலடிப்பட்டி ஆலங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள ஊர். அன்று திருநெல்வேலி ஜில்லா. 2019இலிருந்து தென்காசி மாவட்டம். தாமிரபரணிக்கும் சிற்றாற்றுக்கும் நடுவில், இரண்டு ஆற்றின் வளமும் எட்டாமல், குளத்தையும் கிணற்றையும் பீடி சுற்றலையும் நம்பியிருக்கும் மேட்டு நிலம். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு இந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சீவலப்பேரியில்தான் பெரிய ஆற்றோடு சேர்கிறது. 1977இல் திருநெல்வேலித் தொகுதியிலிருந்து லோக்சபாவுக்குப் போனவர் அருணா. எண்பதுகளில் அ.தி.மு.க.வின் ராஜ்யசபா உறுப்பினர். கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். கமிட்டி அமைந்தபோது அ.தி.மு.க. காங்கிரசின் தோழமைக் கட்சி. எதிர்க்கட்சிகள் வெளியே நின்றதால், உள்ளே மறுக்க வேண்டும் என்று யாரிடமும் யாரும் எதிர்பார்க்கவில்லை. அருணாவும் கையெழுத்திட்டுவிட்டு வந்திருந்தால் அது செய்தியாகக்கூட ஆகியிருக்காது.

1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின், சபைக்குள் கட்சியின் கட்டளைக்கு மாறாக ஓட்டுப்போடும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். ஆனால் அந்தக் கட்டளை கமிட்டி அறைக்குள் செல்லுபடியாவதில்லை. அங்கே உறுப்பினர் கொள்கையளவிலேனும் தனி மனிதர். எனவே மறுப்புக் குறிப்பு என்பது, இந்தியப் பாராளுமன்றத்தில் ஒரு ஆள் தன் பெயரில், தன் பொறுப்பில், கட்சி அனுமதியில்லாமல் எழுதக்கூடிய மிகச் சில பிரதிகளில் ஒன்று.

அதற்கென்று ஒரு இலக்கணமும் உண்டு. தேர்வுக் கமிட்டிகளுக்கு லோக்சபா சபாநாயகர் வகுத்திருக்கும் விதிப்படி, குறிப்பு நிதானமான, கௌரவமான மொழியில் இருக்க வேண்டும். கமிட்டிக்குள் நடந்த விவாதங்களைக் குறிப்பிடக்கூடாது. கமிட்டிமீது களங்கம் சுமத்தக்கூடாது. அதாவது, உன்னைத் தனிமைப்படுத்தியவர்களைப் பற்றிப் பேசாமல், தனிமைப்பட்ட உன் மனநிலையையும் பேசாமல், விஷயத்தை மட்டும் பேசு என்கிறது விதி. பொருளிலிருந்து மறுக்க வேண்டும். முறிவுத் தொகை என்ற முடிவை ஏற்கவில்லை என்றால் ஏன் என்பதைத் தொகைகளிலிருந்தும் தேதிகளிலிருந்தும் கம்பெனியின் சொந்த விளக்கங்களிலிருந்தும் காட்ட வேண்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் மறுபடியும் மறுபடியும் கற்றுக்கொள்ள முயன்று தோற்கும் பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கு ஒரு பாராளுமன்றத்தின் ஆவணங்களுக்குள் போனது 1988இல்தான் முதல் தடவை என்று இல்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனையும் சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். இந்திய விவகாரங்களுக்காக அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்த மந்திரி ஜான் மார்லி. ஜெ.எஸ்.மில்லின் சீடர், இலக்கிய விமர்சகர், பத்திரிகாசிரியர். தீர்ப்பு வந்த ஒரு வாரத்தில் அவர் வைஸ்ராய் மின்டோவுக்குக் கடிதம் எழுதினார். திருநெல்வேலித் தண்டனைகள் நியாயப்படுத்த முடியாதவை, அவை நிற்கக்கூடாது, இந்த அளவு கடுமை ஒழுங்குக்கு அல்ல வெடிகுண்டுக்கே வழிகாட்டும் என்பது அதன் சாரம். அன்றைய அதிகார வட்டத்திலிருந்து வந்த ஆகக் கூர்மையான மறுப்புகளில் ஒன்று அது. ஆனால் அது தனிக் கடிதம். மார்லி தம் நினைவுக் குறிப்புகளை 1917இல் வெளியிட்டபோதுதான் வெளியுலகம் அதைப் படித்தது. அதற்குள் ஹைகோர்ட் தண்டனையைக் குறைத்து, சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்து, 1912இல் விடுதலையாகி, கப்பல் கம்பெனியும் காணாமல் போயாயிற்று. மார்லியின் மறுப்பு நேர்மையானது, நல்ல உரைநடையும்கூட. உறைக்குள் இருந்தது என்பதுதான் அதன் குறை.

இரண்டையும் அருகருகே வைத்தால் நான் சொல்ல வருவது விளங்கும். மார்லி பெரிய மனிதர், பெரிய எழுத்தாளர். அருணா ஒரு திராவிடக் கட்சி அரசியல்வாதி. கட்சிகள் மாறியவர். தி.மு.க.வில் சேர்ந்து 1996இல் மந்திரியானவர். அவரை லட்சிய புருஷராக்க எனக்கு உத்தேசமில்லை. ஆனால் அவருடைய மறுப்பு, எதை மறுத்ததோ அதனுடனேயே ஒரே ஆவணமாகச் சபைக்கு வந்தது. அறிக்கையை எடுக்கிறவன் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எங்கேயாவது ஒரு நூலகத்தில் ஒருவன் கமிட்டியின் முடிவைப் படித்துத் திருப்தியோடு பக்கம் புரட்டினால், இன்னொரு குரல் காத்திருக்கும்.

அதனால் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அடுத்த ஆண்டு ஜூலையில் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் லோக்சபாவிலிருந்து கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். நவம்பர் தேர்தலில் காங்கிரஸ் 197 இடங்களோடு ஆட்சியை இழந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 39 தொகுதிகளில் 38 காங்கிரஸ் கூட்டணிக்கு. திருநெல்வேலி, தென்காசி, திருச்செந்தூர் மூன்றும் அதில் சேர்த்தி. மறுப்புக் குறிப்பு எழுதியவரின் மண்ணே அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. 2004 பிப்ரவரியில் டெல்லி ஹைகோர்ட் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளியது. அவர் இறந்து ஏறக்குறைய பதின்மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன. அதே ஆண்டின் கடைசி நாள் காலை நடைக்குப் போன ஆலடி அருணா வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையின் காரணங்கள் வேறு. இதோடு அதை முடிச்சுப் போடுவது கதை கட்டுவதாகும்.

மறுப்பு என்றதும் நாம் எச்.ஆர்.கன்னாவைத்தான் நினைத்துக்கொள்கிறோம். 1976 ஏப்ரல் 28 அன்று, எமர்ஜென்சியில் தனி மனிதனுக்கு நீதிமன்றப் பாதுகாப்பு இல்லை என்று நான்கு நீதிபதிகள் சொன்னபோது இல்லையென்று எழுதிய ஐந்தாமவர். தலைமை நீதிபதி பதவி கைநழுவிற்று. 2017இல் அதே சுப்ரீம் கோர்ட் அந்த நால்வரின் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டது. மறுத்தவனைக் காலம் ஜெயிக்கவைக்கும் என்கிற கதை நமக்குப் பிடிக்கிறது. அருணாவின் குறிப்புக்கு அப்படி ஒரு கடைசி அத்தியாயம் கிடையாது. எந்தக் கோர்ட்டும் அவர் சொன்னது சரி என்று தீர்ப்பெழுதவில்லை. எனக்கு அதனாலேயே அது முக்கியமாகப் படுகிறது. ஜெயித்த மறுப்பைக் காப்பாற்ற ஒரு நாகரிகத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஜெயிக்காத மறுப்பையும் அதே தாளில், அதே எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அது சுலபமான காரியமல்ல என்பது 2025 பிப்ரவரி 13 அன்று தெரிந்தது. வக்ஃபு மசோதா பற்றிய கூட்டுக் கமிட்டியின் அறிக்கை வைக்கப்பட்ட நாள். எதிர்க்கட்சியினர் தந்த மறுப்புக் குறிப்புகளில் சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன. களங்கம் சுமத்தும் வாசகங்களை நீக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றது ஆளும் தரப்பு. பெரும் அமளிக்குப் பிறகு விடுபட்ட பகுதிகள் சேர்க்கப்பட்டன. மசோதா எப்படியும் நிறைவேறும் என்று இரு தரப்புக்கும் தெரியும். நிறைவேறவும் செய்தது. இருந்தும் அன்று முழுக்கச் சண்டை, தோற்கப்போகிறவர்களின் சில பத்திகள் அச்சில் இருப்பதா வேண்டாமா என்பதற்காக. அதை வீண் சண்டை என்று எழுதிய பத்திரிகைகளுக்கு ஆவணம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

ஆபீஸ் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த முறை வேறு. பாங்க்கில் ஒரு கடன் மனுவின் குறிப்புத்தாளில் கீழே இருப்பவர் மாறுபட்டு எழுதினால், மேலே இருப்பவர் அதை மறுப்பதில்லை. ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புவார். பேசுவார்கள். தாள் மாறும். புதிய தாளில் எல்லோரும் ஒரே அபிப்பிராயம். வருஷங்கள் கழித்துக் கடன் வாராமல் போகும்போது, அன்று ஒருவருக்குச் சந்தேகம் இருந்தது என்பதற்குத் தடயமே இராது.

நம் இலக்கியச் சூழலும் 'பேசவும்' என்ற இந்த முறையில்தான் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. மாறுபடுகிறவனைக் கூப்பிட்டு டீக்கடையில் பேசுகிறோம், ஜங்ஷன் பாலத்துக்கு அடியில் ராத்திரி இரண்டு மணிவரை பேசுகிறோம். ஒத்துவராவிட்டால் அவன் வேறு பத்திரிகை ஆரம்பிக்கிறான். அதற்கு மூன்று இதழ் ஆயுசு. ஒரு கட்டுரைக்கு வந்த எதிர்வினை அடுத்த இதழில் வந்தாலும், கட்டுரைகள் தொகுப்பாகும்போது எதிர்வினை உதிர்ந்துவிடுகிறது. முப்பது வருஷம் கழித்துத் தொகுப்பைப் படிக்கிற பையனுக்கு, அந்தக் கருத்தை அன்றே ஒருவன் தகுந்த காரணங்களோடு மறுத்தான் என்பது தெரியப்போவதில்லை. அவனுக்குக் கிடைப்பது ஏகமனதான ஒரு இலக்கிய வரலாறு. அரசியல்வாதிகளை நாம் கேவலமாகப் பேசுகிறோம், பெரும்பாலும் நியாயத்தோடுதான். ஆனால் அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு பழக்கம் நம்மிடம் இல்லை.

சென்ற வருஷம் நான் எழுதிய ஒரு கட்டுரையை மறுத்து ஒரு நண்பர் ஆறு பக்கம் அனுப்பியிருந்தார். நிதானமான மொழி, விஷயத்தை விட்டு விலகவில்லை. நானும் அவரும் போனில் பேசித் தீர்த்துக்கொண்டோம். அந்த ஆறு பக்கம் என் மேஜையில்தான் இருக்கிறது. கட்டுரை புத்தகமாகும்போது அதன் பின்னால் இவற்றையும் அச்சிடச் சொல்ல வேண்டும்.