ஸ்டுடியோ திரைச்சீலையிலிருந்து ஜூரோங் வீட்டு வாசல்வரை: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பப் படங்களின் மாற்றம்

சிங்கப்பூர்த் தமிழர் திருமண ஆல்பங்களில் மேடை வரிசைப் படங்களோடு, யாரும் கேமராவை நினைக்காத வேளையில் எடுத்த 'கேண்டிட்' படங்களும் இன்று நிறைந்திருக்கின்றன. இதை மேலைநாட்டு மோகம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கேமரா வேகமானதும் படமெடுக்கும் இடம் மாறியதும் மட்டும் இயல்பான படத்தைத் தந்துவிடவில்லை. சடங்கறிந்த படப்பிடிப்பாளரும் அவரை நம்பிய குடும்பமும் சேர்ந்தபோதுதான் அது கைகூடியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அசையாமல் நின்ற காலம்

1843இல் காஸ்டன் டுட்ரோங்குவா என்பவர் சிங்கப்பூரில் தாம் நடத்திய 'லண்டன் ஹோட்டல்' விடுதியில் டாகரோடைப் என்னும் தொடக்ககால ஒளிப்பட முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். இரண்டு நிமிடத்தில் படம் பதிவது அன்று வியப்பான வேகம். அத்தனை நேரம் ஒரு சிரிப்பை முகத்தில் நிறுத்திவைக்க முடியாது. பழைய படங்களின் இறுகிய முகத்துக்குக் கருவியே முதற்காரணம்.

1867இல் தொடங்கிய லாம்பர்ட் ஒளிப்பட நிறுவனமும், 1910களில் ஹில் ஸ்திரீட்டில் இயங்கிய லீ பிரதர்ஸ் ஸ்டுடியோவும் பதிவுநேரம் வெகுவாகக் குறைந்த காலத்தவை. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள லீ பிரதர்ஸ் படங்களில் பல இனக் குடும்பங்களும் இருக்கின்றன. நேரம் குறைந்தும் விறைப்பு குறையவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டிய தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களிலும் தீட்டிய திரைச்சீலை, அலங்கார நாற்காலி, நேர்ப்பார்வை என்று இதே அமைப்புதான். குடும்பம் தன் கௌரவத்தை நிலைநாட்டும் இடமாக ஸ்டுடியோ இருந்தது. அங்கே இயல்பாக இருப்பதை யாரும் விரும்பவில்லை.

மண்டபமும் பூங்காவும்

1925இல் அறிமுகமான லைக்கா கேமரா, ஒரு சுருளில் 36 படங்களைத் தந்தது. திருமணங்களிலோ சதுரப்படக் கேமராக்களே நெடுங்காலம் கோலோச்சின. அவற்றில் போடும் '120' வகைச் சுருள் ஒன்றில் 12 படங்கள்தான். எண்ணி எடுக்க வேண்டியிருந்ததால் சடங்கை நிறுத்தி, "மாலையை இன்னொரு தரம் போடுங்க, இங்க பாருங்க" என்று சொல்வது தொழில் வழக்கமானது.

தொழிற்பேட்டைக்காக 1961 முதல் உருவாக்கப்பட்ட ஜூரோங்கில், 1970களில் ஏரித் தீவுகளில் ஜப்பானியத் தோட்டமும் சீனத் தோட்டமும் திறக்கப்பட்டன. மணமக்கள் படமெடுக்க நாடிவந்த இடங்கள் இவை. திரைச்சீலைக்குப் பதில் உண்மையான பாலமும் கோபுரமும் பின்னணியாயின. ஆனால் ஸ்டுடியோவின் விறைப்பும் கூடவே வந்தது. இடம் மாறியும் நிற்கும் விதம் மாறவில்லை.

ஒதுங்கி நிற்கும் கேமரா

1996இல் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் திருமணத்தைப் படமெடுத்த டெனிஸ் ரெஜி போன்றோரால் செய்திப்பட பாணித் திருமணப்படம் அமெரிக்காவில் பரவியது. பிறகு டிஜிட்டல் கேமராக்கள் சுருள் கணக்கை ஒழித்தன. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 போன்றவை மங்கலான ஒளிக்கு வேண்டிய ஐஎஸ்ஓ 3200 உணர்திறனிலும் தெளிவான படம் தந்ததால் பல மண்டபங்களில் ஃபிளாஷ் தேவைப்படவில்லை. மிரர்லெஸ் கேமராக்கள் ஷட்டர் ஓசையையும் அடக்கின.

ஆயினும் தாலி கட்டும் நேரத்தைக் கருவியால் மட்டும் பிடிக்க முடியாது. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற முடிச்சுகளைப் போட நாத்தனார் பெண்ணின் பின்புறம் குனிவார். நாற்புறமிருந்தும் அட்சதை விழும். பெரியவர்கள் எழுந்து மறைப்பார்கள். இந்த வரிசை தெரிந்தவர் முன்னதாகவே மணவறையின் பக்கவாட்டில் இடம்பிடித்துவிடுவார். முடிச்சையும் பெண்ணின் அம்மாவுடைய முகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவருவார். தெரியாதவர் முன்னால் பாய்ந்து ஐயரையே மறைப்பார்.

ஜூரோங் அடுக்குமாடி வீட்டில் நடக்கும் நலங்கில் இந்தத் திறமை இன்னும் தேவை. கூடம் சிறியது, பின்வாங்க இடமில்லை. 35 மி.மீ. லென்ஸும் சன்னல் வெளிச்சமும் போதும். ஆனால் வந்தவுடன் கேமராவை எடுக்காமல், பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசி, கொடுத்த தேநீரைக் குடித்துப் பழகியவரைத்தான் வீடு மறக்கும். ஸ்டுடியோவில் குடும்பம் படக்காரரின் இடத்துக்குப் போனது. இங்கே அவர் குடும்பத்தின் இடத்துக்கு வருகிறார். விருந்தாளியின் பணிவும், வேண்டாம் என்பவரை விட்டுவிடும் நாகரிகமும் அவருக்குக் கட்டாயம்.

முடிவுரை

மேடைப் படம் யார் வந்தார்கள் என்று சொல்கிறது. ஒதுங்கி எடுத்த படம் மல்லிகை தொடுத்தவர், பந்தி பரிமாறியவர், செருப்புக் குவியலுக்கு நடுவே விளையாடிய பிள்ளைகள் என ஸ்டுடியோ ஒருபோதும் பதியாத வாழ்க்கையைக் காட்டுகிறது. வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பெயர் குறிக்காமல் கோப்புகளில் குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான டிஜிட்டல் படங்கள் அடுத்த தலைமுறைக்கு அந்நியர் முகங்களாகிவிடும். ஒவ்வொரு குடும்பமும் நூறு படங்களையாவது தேர்ந்து அச்சிட்டு, ஆள், உறவு, இடம், நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். படமெடுப்பவரும் அதைத் தம் பணியின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும்.