பட்டமும் பறப்பும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் கல்வி என்பது சான்றிதழோடு பிணைந்த ஒன்றாகவே வளர்ந்து வந்துள்ளது. 1814இல் தோன்றிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் அளித்த கல்வியே எழுதுவினைஞரையும் ஆசிரியரையும் வைத்தியரையும் உருவாக்கியது. 1981இல் வந்தாறுமூலையில் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பட்டம் பெற்றாற் பதவி கிட்டும் என்ற நம்பிக்கையும் உடன் வளர்ந்தது. வாவிக்கு அப்பால், திமிலைதீவு விமானத் தளத்தினின்றும் எழும் விமானத்தை அண்ணாந்து நோக்கும் மாணவன், விமானியாவதற்கும் விமானவியற் பட்டமே வாயில் என எண்ணுவது இயல்பே. ஆயின் விமானியின் தொழில் வளர்ந்த வரலாறு வேறு.

இந்தியாவில் முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தை 1929இல் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர். 1932 ஒக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் கொணர்ந்த தபாலை, அங்கிருந்து சென்னைக்கு எடுத்துச் சென்றவர் முன்னாள் விமானப்படை வீரரான நெவில் வின்சென்ட். இரண்டாம் உலகப் போரின் பின்னர் பல நாடுகளின் விமான சேவைகளுக்கு விமானிகளைப் பெருமளவில் அளித்தவையும் விமானப்படைகளே. அக்காலத்திலேதான், 1947 டிசம்பரில், எயர் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பறப்பை நடத்தியது. 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் வழி அமைந்த சர்வதேச விதிகள், விமானியின் தகுதியை வயது, உடல்நலம், பரீட்சை, பறந்த மணித்தியாலங்கள் ஆகியவற்றாலேயே அளவிடுகின்றன. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 200 மணித்தியாலங்கள். அங்கீகாரம் பெற்ற ஒருங்கிணைந்த பயிற்சியாயின் 150. பெருவிமானத்தின் தலைமை விமானிக்குரிய அனுமதிப்பத்திரத்துக்கு 1500. பட்டம் பற்றிய பேச்சே அங்கில்லை.

பட்டத்துக்குச் சட்டம் ஒரு விலையிட்டது மிக அண்மையிலேயாகும். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே கொல்கன் எயர் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன் விளைவாக 2010இல் இயற்றப்பட்ட சட்டமும் 2013இல் வந்த விதியும் துணை விமானிக்கும் 1500 மணித்தியாலங்களை வேண்டின. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் விமானவியலில் இளமாணிப் பட்டம் பெற்று, அதனோடு இணைந்த பறப்புப் பயிற்சியையும் முடித்தவருக்கு 1000 போதும் எனச் சலுகை தரப்பட்டது. வீழ்ந்த விமானத்தின் விமானிகள் இருவருமே 1500 மணித்தியாலங்களுக்கு மேற் பறந்தவர்கள் என்பதை இவ்விடத்து மறத்தலாகாது. வகுப்பறைக் கல்விக்குச் சட்டம் இடங்கொடுத்தமை நியாயமே. ஆயினும் அந்த 500 மணித்தியாலச் சலுகை அமெரிக்க விதி தந்தது. வேறொரு நாட்டின் பட்டச் சான்றிதழை ஏந்தி அதனைக் கோர முடியாது.

இலங்கையில் 1945 முதல் நிலைபெற்ற இலவசக் கல்வி அரச பல்கலைக்கழகத்தின் வாயிலை ஏழைக்கும் திறந்தது. பறப்புப் பயிற்சியோ மணித்தியாலக் கணக்கிற் பணங்கொடுத்துப் பெறவேண்டியது. ஆகவே, பறப்பு மணித்தியாலங்கள் அடங்காத விமானவியற் பட்டத்துக்குக் காணியை ஈடுவைக்கும் குடும்பம், பட்டம் கிடைத்தபின் மீண்டும் ஈடுவைக்கக் காணியின்றி நிற்க நேரிடும். பட்டம் பயனற்றது என்பதன்று இதன் பொருள். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை இழந்த விமானிக்கும், 2020இல் பெருந்தொற்றால் வேலையிழந்தோருக்கும், தரையில் வேறு தொழில் தேடப் பட்டம் உதவக்கூடியதே. அவ்வுதவியை வந்தாறுமூலையிற் கட்டணமின்றிப் பெறும் கணிதப் பட்டமோ பௌதிகப் பட்டமோ அளிக்காதா என்பதே காணியை ஈடுவைக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி. மருத்துவப் பரிசோதனையை அதற்கும் முன்னரே முடித்துவிடலாம்.