மின்னோட்டத்தின் திசை கண்ட வரலாறு

1831ஆம் ஆண்டில் லண்டன் ராயல் நிறுவனத்தில் மைக்கேல் பாரடே, கம்பிச்சுருளினுள் காந்தத்தைச் செலுத்தி மின்னோட்டம் எழக் கண்டார். செலுத்துகையில் ஒருபுறம் சாய்ந்த அளவியின் முள், வெளியே இழுக்கையில் மறுபுறம் சாய்ந்தது. இத்திசை மாற்றங்களை எல்லாம் ஒன்றாய் அடக்கும் எளிய விதி எது?

அதனை 1833 நவம்பரில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்தில் எமில் லென்ஸ் எடுத்துரைத்தார். எந்த அசைவினால் மின்னோட்டம் பிறக்கின்றதோ, அந்த அசைவையே அது எதிர்க்கும் என்பது அவர் முடிவு. காந்தத்தின் வடமுனை நெருங்கினால் சுருளின் அம்முகமும் வடமுனையாகித் தள்ளும். விலகினால் தென்முனையாகி இழுக்கும்.

எதிர்க்காமல் உதவுமாயின், ஒருமுறை தள்ளிய காந்தம் தானே விரைந்தோட, உழைப்பின்றியே மின்சாரம் பெருகும். இயற்கை அதற்கு இடந்தரவில்லை. 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய ஆற்றல் அழியாமைக் கொள்கையோடு லென்ஸின் விதி இசைந்து நின்றது.

பின்னர் லண்டன் பேராசிரியர் பிளெமிங் மாணவருக்காக வலக்கை விதியை வகுத்தார். ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிய விரல்களில், பெருவிரல் கம்பியின் அசைவையும் சுட்டுவிரல் காந்தப்புலத்தையும் குறித்தால், நடுவிரல் மின்னோட்டத்தின் திசையைக் காட்டும்.

கை நமக்குத் திசையை நினைவூட்டுகின்றது; காரணத்தை உணர்த்தியவர் லென்ஸ். அணைநீர் மின்னாக்கியைச் சுழற்றுகையில் அவ்வெதிர்ப்பை வென்று செய்யும் உழைப்பே, நம் இல்லங்களில் ஒளியாகின்றது.