காற்றழுத்த மண்ணெண்ணெய் அடுப்பு

காற்றழுத்த மண்ணெண்ணெய் அடுப்பு (பம்ப் ஸ்டவ்) என்பது மண்ணெண்ணெயை ஆவியாக்கி நீலச் சுடருடன் எரிக்கும் அடுப்பாகும். சுவீடனைச் சேர்ந்த பிரான்சு வில்கெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892 இல் உருவாக்கிய பிரைமசு இவ்வகையில் புகழ்பெற்றது. சமையல் எரிவாயு பரவும்வரை, கோவை–பொள்ளாச்சி சாலையிலுள்ள கிணத்துக்கடவு போன்ற ஊர்களிலும் பம்ப் ஸ்டவ் விறகடுப்புக்குத் துணையாக இருந்தது.

இனங்காணலும் மதிப்பும்

பிற நிறுவனங்களும் இதே வடிவில் அடுப்புகளைச் செய்ததால், தோற்றத்தை மட்டும் கொண்டு பிரைமசை அடையாளம் காண இயலாது. பெயர் முத்திரையே முதற்சான்று. 1911 முதல் பிரைமசு அடுப்புகளில் ஆண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் பொறிக்கப்பட்டது, அவ்வாண்டுக்குரியது ‘ஏ’. தொட்டியில் விரிசல், பற்றவைத்த தடம், மாற்றிய பர்னர் ஆகியவை மதிப்பைக் குறைக்கும். அளவுமீறி மெருகேற்றினால் முத்திரை தேய்ந்து காலச்சான்று மறையும். பழைய பித்தளையாக எடைக்குப் போட்டால் அடுப்பு உருக்கப்பட்டு, அதன் வரலாறும் அழிந்துவிடும்.