கலஹா மலைகளும் கையெழுத்தில் கரைந்த பதினெட்டு மாதங்களும்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்றுதான் பெயர். அவ்வழியே மலையேறினால் கலஹா நகரையும், அதற்கப்பால் தெல்தோட்டையையும் அடையலாம். இப்பகுதி மலைகளில்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கையின் வர்த்தகத் தேயிலைக்கு அடித்தளமிட்ட இடம் அது. சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. இம்மலைகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது கொடுக்கப்படாத சம்பளத்தின் வரலாறு. அது தேயிலைக்கும் முந்தியது.

கோப்பிக் காலத்தில் தொழிலாளிக்கு மாதந்தோறும் சம்பளம் கையில் கிடைத்ததில்லை. அரிசி கொடுத்தார்கள், அதன் விலையைக் கழித்தார்கள், மீதி கங்காணியின் கணக்கில் நின்றது. தமிழகத்திலிருந்து வருவதற்குப் பெற்ற முற்பணமும் அதே கணக்கில் கடனாக நின்றது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, கடனில் மூழ்கியிருந்த தோட்டங்கள் பல கைமாறின. அவ்வாறு கைமாறிய தோட்டங்களில், பழைய துரை கொடுக்காத சம்பளத்தைப் புதிய துரை ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அதே 1884ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு விடையளித்தது. தொழிலாளியின் சம்பள நிலுவையில் மூன்று மாதத் தொகை தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பு. ஏனைய கடன்காரர்கள் அதற்குப் பின்னரே வரவேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த 1889ஆம் ஆண்டுச் சட்டம், மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்றது. இரண்டு மாதத் தாமதத்தைச் சட்டமே அங்கீகரித்த காலம் அது. ஆட்சியாளரின் கருணையாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. சம்பளம் கிடைக்காது என்ற செய்தி தமிழகக் கிராமங்களுக்குப் பரவினால் ஆள் வரத்து நின்றுபோகும் என்ற அச்சம் தோட்டத்துரைமாருக்கும் இருந்தது. எனினும் நிலுவை என்பது தொழிலாளியின் சொத்து என்ற கருத்து, எத்துணை குறுகிய அளவிலாயினும், அன்று சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

கூட்டாகப் பேசிச் சம்பளம் நிர்ணயிக்கும் முறையின் தொடக்கமும் இம்மலைத் தொடருக்கு அந்நியமானதன்று. ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கோரி நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரியில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று அவர் போற்றப்படுகிறார். துப்பாக்கிச் சூடு பற்றி விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வேலைநிறுத்தங்கள் ஏனைய தோட்டங்களுக்கும் பரவின. அதே ஆண்டு ஜூலையில் தோட்டத்துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஏற்பட்டது. தொழிற்சங்கத்துடன் அமர்ந்து பேசுவதற்குத் துரைமார் எழுத்தில் இணங்கியது அப்போதுதான். மறு ஆண்டு, 1941இல், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் பின்னர் அரை நூற்றாண்டு காலம் தோட்டச் சம்பளத்தைச் சபையும் அரசாங்கமுமே பெரும்பாலும் தீர்மானித்தன.

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதன் பின்னரே, இன்று நாம் அறிந்த கூட்டு ஒப்பந்தம் மலையக வாழ்வின் மையத்துக்கு வந்தது. ஒரு பக்கம் இலங்கை முதலாளிமார் சம்மேளனம். மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்று. சம்பளம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும். பேச்சுவார்த்தை இழுபடுவது வழக்கம். 2009இல் மார்ச் இறுதியில் காலாவதியான ஒப்பந்தம் செப்டெம்பரில்தான் புதுப்பிக்கப்பட்டது. 2011இல் ஜூன் வரை சென்றது. ஆயினும் ஒப்பந்தக் காலம் ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்தே கணிக்கப்பட்டது. கையெழுத்து எப்போது விழுந்தாலும் கணக்கு ஏப்ரலில் தொடங்கும் என்று தொழிலாளர் நம்பியிருந்ததற்கு இதுவே காரணம்.

2013இல் நாட்சம்பளம் 620 ரூபாவானது. அடிப்படைச் சம்பளம் 450, வரவுக் கொடுப்பனவு 140, தேயிலை விலைக் கொடுப்பனவு 30. அந்த ஒப்பந்தம் 2015 மார்ச் 31ஆம் திகதி காலாவதியானது. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2016 ஒக்டோபர் 18ஆம் திகதி. பதினெட்டு மாதங்களுக்கும் மேல். இடையில் ஒரு பொதுத்தேர்தல் நடந்து முடிந்தது. ஆயிரம் ரூபா என்ற முழக்கம் மேடைக்கு மேடை ஒலித்தது. ரஷ்யாவிலும் மத்திய கிழக்கிலும் ஏற்பட்ட நெருக்கடிகளால் தேயிலை விலை வீழ்ந்துவிட்டது என்று கம்பனிகள் வாதிட்டன. அந்த வாதம் பொய்யன்று. ஆனால் விலை உயர்ந்த ஆண்டுகளில் அதே கம்பனிகள் அதே அளவு ஆர்வத்துடன் முன்வந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. 2016 நடுப்பகுதியில் இரண்டு மாதங்களுக்கு மாதம் 2,500 ரூபா இடைக்காலக் கொடுப்பனவாக வழங்கப்பட்டது. செப்டெம்பர் இறுதியிலிருந்து மலையகம் முழுவதும் மறியல்களும் பேரணிகளும் நடந்தன.

கடைசியில் வந்தது 730 ரூபா. தலைப்புச் செய்திக்கு வசதியானது தொகைதான்; திகதி அன்று. இங்கோ திகதியில்தான் விடயமே இருந்தது. புதிய ஒப்பந்தத்தின் இரண்டு ஆண்டுகள் 2015 ஏப்ரலிலிருந்து கணிக்கப்படவில்லை; 2016 ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து கணிக்கப்பட்டன. அந்த ஒரு வரியால் பதினெட்டு மாத நிலுவை இல்லாமற் போயிற்று. எவரும் அதைக் கொடுக்க மறுத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. கொடுக்க வேண்டியது என்று எதுவும் இல்லாதவாறு எழுதப்பட்டுவிட்டது.

730இன் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, விலைக் கொடுப்பனவு 30, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காத நாளில் கடைசித் தொகை கிடையாது. அன்று எஞ்சுவது 590 ரூபா. முழு வரவுள்ள ஒருவர் பழைய கணக்கில் பெற்ற 620ஐவிட இது குறைவு.

நிலுவையின் அளவு என்ன? அடிப்படைச் சம்பள உயர்வான 50 ரூபாவை மாத்திரம் எடுத்து, மாதம் 25 நாட்கள், 18 மாதங்கள் என்று கணக்கிட்டால் 22,500 ரூபா வருகிறது. நாளொன்றுக்கு 110 ரூபா என்ற முழு வித்தியாசத்தையும் கொண்டால் 49,500 ரூபா. இது ஒரு தொழிலாளிக்கு. ஒரு லயக் காம்பிராவிலிருந்து கணவன், மனைவி இருவரும் பெரட்டுக்குச் செல்வார்களாயின் இதை இரட்டிக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு நூற்றுக்கு 12. அந்த 22,500க்குச் சேரவேண்டிய 2,700 ரூபாவும் கணக்கில் ஏறவில்லை.

இவற்றைவிட என்னை உறுத்துவது அந்தப் பதினெட்டு மாதங்களுக்குள் ஓய்வுபெற்றோரின் நிலை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கணிக்கப்படும். அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள விகிதத்தில். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து 2016இன் முற்பகுதியில் விலகிய ஒரு பெண்ணுக்கு அது 420 நாட்களின் சம்பளம். நாளுக்கு 50 ரூபா வீதம் குறைந்தது 21,000 ரூபா. வேலையில் நீடித்தவருக்கு அடுத்த ஒப்பந்தம் என்ற நம்பிக்கையேனும் இருந்தது. விலகியவருக்கு அதுவும் இல்லை. தொழிற்சங்கச் சந்தா நின்ற நாளிலேயே அவருடைய குரலும் நின்றுவிடுகிறது. (சந்தா சம்பளப் பட்டியலிலேயே கழிக்கப்படும் ஏற்பாட்டை நான் குறைசொல்லவில்லை. ஆனால் யாருக்காகச் சங்கம் பேசும் என்பதை அது ஓரளவு தீர்மானிக்கிறது.)

நிலுவை பறிபோனதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. சட்ட நுணுக்கம் ஒன்றை இங்கே மறைப்பது நேர்மையாகாது. 1884இல் பாதுகாக்கப்பட்டது ஏற்கெனவே உழைத்து, தொகையும் நிச்சயமான சம்பளம். 2016இல் இழந்தது, பேச்சுவார்த்தை முடிந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உயர்வு. இரண்டும் ஒன்றல்ல என்று முதலாளிமார் தரப்பு கூறலாம். ஆனால் தாமதம் முழுவதும் ஒரு தரப்புக்கு இலாபமாகவும் மறுதரப்புக்கு நட்டமாகவும் முடியுமாயின், தாமதிப்பதை யார் கைவிடுவார்?

கலஹா வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. லூல்கந்துர உள்ளிட்ட தோட்டங்கள் தனியார் கம்பனிகளிடம் செல்லாமல் ஜனவசம எனப்படும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடமே எஞ்சின. இந்த அரச நிறுவனம் தொழிலாளரின் சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் ஆண்டுக்கணக்கில் செலுத்தாது வைத்திருந்தமை பாராளுமன்றம் வரை சென்ற விவகாரம். தொழிலாளியின் சம்பளத்தில் கழித்த 8 வீதம்கூட உரிய கணக்கைச் சென்றடையாத நிலை அது. இலங்கைத் தேயிலையின் 150ஆவது ஆண்டு கொண்டாடப்பட்ட 2017இலும் அந்தத் தோட்டங்களில் இதுவே பேச்சு.

நிலுவை என்பது காலம் கடந்தால் கரைந்துபோகும் பொருள் என்று இங்கு பலர் நினைக்கிறார்கள். கனடாவில் வாழும் வாசகர்களுக்கு வேறோர் உதாரணம் தெரிந்திருக்கலாம். அங்கு தபால் திணைக்களக் கூட்டுத்தாபனத்தின் எழுதுவினைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், சமமான வேலைக்குச் சமமான சம்பளம் கோரி 1983இல் முறையிட்டார்கள். 2011 நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2013இல் பணம் வழங்கத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகள் எடுத்தது. அதற்குள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், சிலர் மறைந்துவிட்டார்கள். ஆயினும் ஓய்வுபெற்றவருக்கும், மறைந்தவரின் வாரிசுகளுக்கும் தொகை உரியதாகவே கொள்ளப்பட்டது. அவர்களுடைய சங்கம் அந்தக் கணக்கைக் கையெழுத்திட்டு மூடிவிடவில்லை.

2016 ஒப்பந்தம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019 ஜனவரி 28ஆம் திகதி அடிப்படை 700, மொத்தம் 750 என்று அடுத்தது கையெழுத்தானது. இடைப்பட்ட மூன்றரை மாதம் பற்றிய கேள்வி மீண்டும் எழுந்தது. அதுவே கடைசி. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வெளியானபின் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளம் எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இருந்த இடத்துக்கே, சபையின் மேசைக்கே, திரும்பியது. 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா என்று மற்றொரு வர்த்தமானி வந்தது. மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை பத்தாம் திகதிகளில் தொழிலாளர் கையில் வாங்கியது பழைய ஆயிரம் ரூபாக் கணக்கைத்தான்.