யானைக் காசும் ஒரு காலிக் கட்டமும்

காசு சேர்க்கிற கிறுக்கு எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்துவிட்டது. தெருக்கோடி வீட்டு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பத்து சென்ட் காசு ஒன்றைக் கொடுத்தார். அதில் நான்கு மொழிகளில் நாட்டின் பெயர். நான்காவது மொழி நம்முடையது. திண்டுக்கல்லைத் தாண்டி மதுரை வரைக்கும்தான் போயிருந்த பையனுக்கு, கடல் தாண்டிய காசில் "சிங்கப்பூர்" என்று தமிழில் படித்த அன்று தூக்கமே வரவில்லை.

பிறகு படிப்பு, வேலை, பெங்களூர். கையில் நாலு காசு சேர்ந்ததும் மற்ற காசுகளையும் சேர்க்க ஆரம்பித்தேன். நாட்டுக்கு ஒரு காசு, இதுதான் கணக்கு. அலுவலகத்தில் யார் வெளிநாடு போனாலும் "சாக்லேட் வேண்டாம், சில்லறை கொண்டுவாங்க" என்று சொல்லி அனுப்புவேன். இரண்டு ஆல்பம் நிறைந்தது.

நவீனக் காசுகள் சலித்தபோது, பழைய டென்மார்க், பழைய ஹாலந்து, பழைய பிரான்ஸ் என்று தேட ஆரம்பித்தேன். ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இவை எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்குமே! தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே டென்மார்க் அரசர்களின் பெயரெழுத்தைப் பின்னிச் சின்னச் சின்ன செப்புக்காசுகள் அடித்தார்கள். காசுக்கு அவர்கள் வைத்த பெயரும் "காஸ்"தான். நம்முடைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஹாலந்துக்கு நாகப்பட்டினம். பிரான்சுக்குப் புதுச்சேரி. அந்தச் செப்புக்காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரச குடும்பத்தின் அல்லி மலர், மறுபக்கம் "புதுச்சேரி" என்று தமிழ் எழுத்து. மூன்று ஐரோப்பிய நாடுகளைக் காவிரிக்கரையும் கடற்கரையும் சேர்ந்து எனக்கு நிரப்பிக் கொடுத்தன :-)

அடுத்து, குடியிருக்கிற ஊருக்கு மரியாதையாக மைசூர் அரசின் காசுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்று உட்கார்ந்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திப்பு சுல்தானின் செப்புக்காசு ஒன்றைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் யானை நிற்கும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் அது அடிக்கப்பட்ட ஊரின் பெயர். ஒரே ஊரில் அல்ல, பத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் திப்புவுக்கு அக்கசாலைகள் இருந்தன. தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம், நகர், பெங்களூர், சித்ரதுர்கா, தார்வாட், கூத்தி என்று பட்டியல் போகும். திப்பு பல ஊர்களுக்குப் புதுப்பெயர் சூட்டியவர். அந்தப் பெயர்களையே காசிலும் பொறித்தார். சித்ரதுர்காவுக்கு ஃபரூக்யாப் ஹிஸார், கூத்திக்கு ஃபைஸ் ஹிஸார். பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "காலிக்காபாத்" என்று ஒரு அக்கசாலை. பெரும்பாலான காசு நூல்கள் அதற்குப் பக்கத்தில் எழுதுவது: திண்டுக்கல்.

என் ஊர். பிறந்து, வளர்ந்து, மலைக்கோட்டைப் படியில் ஓடியாடிய ஊர். அதற்கு இன்னொரு பெயர் இருந்தது, அங்கே காசு அடித்தார்கள் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. "காலிக்" என்றால் அரபியில் படைத்தவன். காலிக்காபாத், படைத்தவனின் ஊர். ஊர் மறந்துபோன பெயரைச் செப்புக்காசு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து என் ஆல்பத்தில் அது ஒரு கட்டம். இன்றுவரை காலிக் கட்டம். பெயரிலேயே இருக்கிறது என்று என் மனைவி கிண்டலடிப்பாள்.

ஏன் இவ்வளவு அரிது? பழசு என்பதாலா? இல்லை. காசு சேர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே, பழையது வேறு, அரியது வேறு என்பதுதான். இதே பெங்களூரில் யஷ்வந்த்பூரிலும் எச்.ஏ.எல். பகுதியிலும் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரே புதையலில் 501 ரோமானியத் தங்கக்காசுகள் வந்தன. வெள்ளியையும் தங்கத்தையும் பானையில் போட்டுப் புதைப்பார்கள், பானை காப்பாற்றிக் கொடுத்துவிடும். செப்புக்காசு அப்படியில்லை. அது ஏழையின் இடுப்பு முடிச்சில் இருக்கும், சந்தையில் கை மாறும், தேயும், தொலையும். கடைசியில் பாத்திரமாக உருகும். இருநூற்றைம்பது வருஷத்துச் செம்பைவிட இரண்டாயிரம் வருஷத்துத் தங்கம் எளிதாகத் தப்பித்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் சரித்திரம். ஹைதர் அலிக்கும் திண்டுக்கல்லுக்கும் உறவு பழையது. 1755-இல் மைசூர் அரசு அவரை அங்கே ஃபௌஜ்தாராக நியமித்தது. அவருடைய ஏற்றம் தொடங்கியதே எங்கள் ஊரில்தான். ஹைதர் 1782 டிசம்பரில் இறந்தார், திப்பு பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே, 1783-இல், ஆங்கிலேயர்கள் திண்டுக்கல்லைப் பிடித்தார்கள். 1784 மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி போர். 1790 ஆகஸ்டில் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம், பிணையாக இரண்டு மகன்கள். போன பாதியில் திண்டுக்கல்லும் உண்டு. அதற்குப் பிறகு மைசூருக்குத் திரும்பவே இல்லை.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1784-லிருந்து 1790 வரை, ஆறே வருஷம். அதற்குள் அடித்த காசுதான் காசு. பெங்களூர்க் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1791 மார்ச் 21 இரவு கார்ன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்து அக்கசாலைக்கோ 1799 வரை அவகாசம் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் கடைகளில் பத்துக் காசு காட்டினால் பெரும்பாலும் பட்டணத்துக் காசாகவே இருக்கிறது. ஒரு ஊரின் காசு எவ்வளவு அரிது என்று பார்த்தால், அந்த ஊரில் அந்த ஆட்சி எத்தனை நாள் தாங்கியது என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

திப்பு காசில் வருஷத்தைப் படிப்பது தனி வித்தை. முதலில் ஹிஜ்ரி கணக்கு. பிறகு 1787 வாக்கில் மவ்லூதி என்று ஒரு புதுக் கணக்கைக் கொண்டுவந்தார். சந்திர சூரியக் கணக்கு, நம் பிரபவ, விபவ மாதிரி அறுபது வருஷச் சுழற்சியும் அதில் உண்டு, பெயர்கள் மட்டும் அவர் வைத்தவை. இதில் ஹிஜ்ரி 1200-ஐ அடுத்துக் காசுகளில் வருஷம் திடீரென்று 1215-க்குத் தாவும். இது போதாதென்று எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் சொன்னார். 1215 என்பது நம் கண்ணுக்கு 5121 என்று தெரியும். பிற்காலக் காசுகளுக்குக் கோள்களின் பெயர்: யானை போட்ட இரட்டைப் பைசா முஷ்தரி, அதாவது வியாழன். ஒற்றைப் பைசா ஸொஹ்ரா, வெள்ளி. அரைப் பைசா பஹ்ராம், செவ்வாய். சில்லறைக்கு வானத்திலிருந்து பெயர் வைத்த அரசர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சரி, வேட்டைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் சுற்றுவது என் வழக்கம். ஒரு நாள் பழைய சாமான் வியாபாரி ஒருவர், நான் திண்டுக்கல் என்று தெரிந்ததும், உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"சார், இது உங்க ஊர் டிப்பு காசு. ரொம்ப ரேர். உங்களுக்காகத்தான் எடுத்து வெச்சேன்."

கை நடுங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். விலை என் ஒரு மாத வீட்டு வாடகை. யானை இருந்தது. எழுத்தும் இருந்தது. எனக்கு அப்போது பாரசீக எழுத்து ஒன்றும் தெரியாது. படம் எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி வந்துவிட்டேன். அலுவலகத்தில் உருது படிக்கத் தெரிந்த நண்பரிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது 'ஸர்ப்', அடித்தது என்று அர்த்தம். அடுத்தது 'பட்டன்'. உங்க ஊர் இல்லையே" என்றார். பட்டன் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம். பெரிதாக்கிப் பார்த்தபோது விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தது, மேலே ஊசி முனை மாதிரி குழிகள். அடித்த காசில் அவை வராது, அச்சில் உருக்கி ஊற்றியதில்தான் வரும். ஊரும் பொய், காசும் பொய். அந்தச் சாயங்காலமே உருது எழுத்துப் பாடப்புத்தகம் ஒன்று வாங்கினேன்.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"யானைக் காசா? உங்க அப்பத்தா வெத்தலைப் பெட்டில ஒண்ணு கெடந்துச்சே. தடியா, கறுப்பா. நாங்க சின்னப் புள்ளைல அதை வெச்சுத்தான் வெளையாடுவோம்."

"இப்ப எங்கப்பா?"

"ஓட்டைக் கொடம், பழைய செம்பு எல்லாத்தோடயும் சேத்துப் போட்டு ஒரு அண்டா வாங்குனோம். உனக்கு நாலு வயசு இருக்கும். எடை கூடுறதுக்காக அந்தக் காசையும் தூக்கித் தராசுல போட்டது நான்தான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அது எந்த ஊர்க் காசு? பட்டணமா, பெங்களூரா, காலிக்காபாத்தா? அப்பத்தா வீட்டுக்கு எப்படி வந்தது? திண்டுக்கல்லில் ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள் தலைமுறைகளாகக் கிடந்த யானைக் காசு என்பதே ஒரு சாட்சி. அதை அழித்தது போரும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. ஒரு அண்டா. அந்த அண்டா இன்னும் வீட்டில் இருக்கிறது, பொங்கலுக்குத் தண்ணீர் காய வைப்போம்.

இந்தக் கதையை இத்தனை நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் எல்லோரும் ஊரை விட்டு வந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் போனபின் சாமான்களைப் பிரிக்கும்போது நகையைப் பார்க்கிறோம், பத்திரத்தைப் பார்க்கிறோம். பூஜை அறை டப்பாவில் கிடக்கும் கறுத்த காசை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு முறை திறந்து பாருங்கள்.

கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாகும், ஆனால் எழுத்து போய்விடும். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எந்த வீடு, யாருடைய பெட்டி, எப்படி வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். கிடைத்த இடம் தெரியாத காசு, அப்பன் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி. சரித்திரக்காரர்களால் அதற்குப் பாதி மரியாதைதான் கொடுக்க முடியும்.

இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. நினைவுக்காக என்று பெட்டியில் போட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்தால், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அப்படித் தெரிவிக்கப்பட்ட காசுகளைத்தான் எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது.

என் மகள் பெங்களூரில் பிறந்தவள். கன்னடம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். போன மாதம் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "உலகம் பூரா இருக்கு, உங்க ஊரு மட்டும் ஏம்ப்பா இல்ல?" என்று கேட்டாள். ஆறு வருஷக் கதையையும் அண்டாக் கதையையும் சொன்னேன். ஒரு காகிதத்தைக் கட்டத்தின் அளவுக்கு வெட்டி, "காலிக்காபாத், திண்டுக்கல். பூட்டி வெத்தலைப் பெட்டி" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் எழுதி உள்ளே சொருகினாள். "வெத்தலை"யில் ஒரு எழுத்து தப்பு. திருத்தவில்லை.

காசைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் யானை ஏதாவது நின்றுகொண்டிருந்தால் எனக்கு விற்க வேண்டாம். அது எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள்.