உதகையின் சிங்கோனா சோதனைக்கூடம்

மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியை லாவெரன் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டது 1880-ல். கொசுவின் வயிற்றில் அது வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல். இந்த இரண்டுக்கும் முன்பே, 1866-ல், அந்நோயின் மருந்துக்கென்று ஒரு ரசாயனர் உதகமண்டலத்தில் வேலைக்கு அமர்ந்துவிட்டார். அரசாங்க ‘குயினாலஜிஸ்ட்’ என்பது பதவியின் பெயர். ஜான் பிராட்டன் என்பவர் அதில் முதலாமவர்.

அந்த மருந்தைத் தன் பட்டையில் கொண்ட ஒரு மரமே அந்தப் பதவி பிறந்ததற்குக் காரணம். ஆண்டீஸ் மலைக்காட்டுச் சிங்கோனாவின் கன்றுகளையும் விதைகளையும் கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-61-ல் நீலகிரிக்குக் கொண்டுவரச் செய்தார். அரசுத் தோட்டங்களைக் கவனித்துவந்த மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றைப் பயிராக்கினார். நடுவட்டத்தில் காடு திருத்தச் சீனக் கைதிகளும் பயன்படுத்தப்பட்டனர். பட்டையைக் கீற்றாக உரித்துவிட்டு அந்த இடத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும் என்பது மெக்ஐவர் கண்ட முறை. மரத்தை வெட்டாமலே மறுபடி மறுபடி அறுவடை செய்யலாம்.

பட்டையின் மதிப்பு அதிலுள்ள மருந்துச் சத்தைப் பொறுத்தது. எந்த இனத்தில், எந்த உயரத்தில், எந்த வயதில் அது எவ்வளவு இருக்கும் என்று அளந்து சொல்வதே பிராட்டனின் வேலை. உயிருள்ள சிங்கோனா மரங்களில் அவர் செய்த சோதனைகள் 1871-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. நீலகிரியில் செழித்தது சிவப்புப் பட்டை இனம். சிக்கலும் அதில்தான் இருந்தது. முக்கிய மருந்துச் சத்தான கொய்னா (குயினைன்) அதில் குறைவு. அதோடு பிறந்த சிங்கோனிடின், சிங்கோனின் போன்றவை மிகுதி. கொய்னாவை மட்டும் பிரித்தெடுத்து மற்றதைக் கழித்தால் விலை கட்டாது.

அந்த மற்றவையும் காய்ச்சலைத் தணிக்குமா? இதை அறியவே மெட்ராஸ், பம்பாய், வங்காள மாகாணங்களில் சிங்கோனா ஆணையங்கள் அமைக்கப்பட்டன. கொய்னா, குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகிய நான்கும் 1866 முதல் 1868 வரை சுமார் 3600 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. குளிர்நடுக்கத்தோடு முறைவைத்து வரும் காய்ச்சல் நின்றதா என்பதே அளவுகோல். நான்கிலும் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் குணமடைந்தனர்.

இன்றைய கண்ணுக்கு இதில் ஓட்டைகள் உண்டு. ரத்தப் பரிசோதனை கிடையாது. தானே தணியும் காய்ச்சல் எது, மருந்தால் தணிந்தது எது என்று பிரித்தறிய வழியும் இல்லை. ஆனாலும் ஒரு மருந்தைத் தனியே புகழாமல் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அக்காலத்துக்குப் பெரிய காரியம்.

இந்த முடிவை ஒட்டி, பட்டையின் சத்துகளைப் பிரிக்காமல் மொத்தமாகவே எடுத்த மலிவான மருந்து ஒன்றைப் பிராட்டன் தயாரித்தார். அந்த முயற்சி நீடிக்கவில்லை. 1874-ல் அவர் பதவியை விட்டுப் போனார். 1880-களில் அதே பதவிக்கு வந்த டேவிட் ஹூப்பர், சிங்கோனாவோடு நிற்காமல் நாட்டு மூலிகைகளையும் ஆராய்ந்தார். டைமாக், வார்டன் ஆகியோருடன் அவர் எழுதிய ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’ 1890-களின் தொடக்கத்தில் வெளியானது. அந்தப் பதவியின் நிலைத்த பயன் என்று அதையே சொல்ல வேண்டும்.

சந்தையோ வேறு பக்கம் போயிற்று. பொலிவியாவிலிருந்து சார்லஸ் லெட்ஜர் அனுப்பிய விதைகளில் ஒரு பகுதியை டச்சுக்காரர்கள் 1865-ல் வாங்கி ஜாவாவில் நட்டிருந்தனர். அந்தப் பட்டையில் கொய்னா பல மடங்கு. 1890-க்குப் பின் ஜாவாச் சரக்கே உலகை நிறைத்தது. கொய்னாவே மலிவாகக் கிடைத்தபோது மற்ற மூன்றையும் யாரும் தேடவில்லை. சிங்கோனா ஆணையங்கள் சமம் என்று சொன்னதை விலை மாற்றி எழுதியது.

குயினிடின் மட்டும் வேறு வழியில் திரும்பி வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தானது. அமெரிக்க மருத்துவமனைகளில் கடும் மலேரியாவுக்கு ஊசி வழியாகவும் ஏற்றப்பட்டது. 2019-ல் அங்கு அந்த ஊசி மருந்தின் விற்பனை நின்றபின் ஆர்ட்டிசுனேட் அந்த இடத்தைப் பிடித்தது.